மீன் தொட்டி மணல்... முதல் நாள் அலசித் தள்ளுங்க. அப்புறம் பக்கெட் பக்கமே போகாதீங்க!

வாஸ்து மீன் செத்துப்போனால் நம்ம வீடுகளில் ஒரு ஆறுதல் சொல்வார்கள். ``நமக்கு வரவேண்டிய கெட்டதை அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு.” கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், அந்த மீன் சாவதற்கு நாலைந்து நாள் முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இப்படி ஒரு பதில் வரும். ``தொட்டி ரொம்ப அழுக்கா இருந்துச்சுன்னு மீனைப் பக்கெட்ல விட்டுட்டு, மணலை மொத்தமா அள்ளி, நல்லா தேய்ச்சுக் கழுவி, வெயில்ல காயவெச்சுப் போட்டோம்.”

அந்தக் கழுவலில்தான் விஷயம் இருக்கிறது.

புதுசாகத் தொட்டி வைக்கிறவர்கள் இதற்கு நேர் எதிரான தப்பைச் செய்வார்கள். கடையில் வாங்கிவந்த மணலை ஒரே ஒரு அலசு அலசிவிட்டு அப்படியே கொட்டுவார்கள். தொட்டி முழுக்கக் கலங்கி, மீன் எங்கே இருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேட வேண்டியிருக்கும். ஆக, கழுவ வேண்டிய நாளில் கழுவுவதில்லை. கழுவக்கூடாத நாளில் கழுவித் தள்ளுகிறோம். இதை மட்டும் மாற்றிக்கொண்டால், மீன் வளர்ப்பில் பாதித் தலைவலி குறையும்.

மணலுக்குள்ளே யார் குடியிருக்காங்க?

மீன் சாப்பிடுகிறது, கழிவு போடுகிறது, மூச்சுவிடும்போது செவுள் வழியாகவும் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. ஆறு, குளத்தில் அது கரைந்து காணாமல்போகும். 2 அடிக் கண்ணாடித் தொட்டியில் போக இடமில்லை. இந்த அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை பாக்டீரியா இருக்கின்றன. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். மூன்றாவதான நைட்ரேட், கொஞ்சம் கூடினாலும் மீன் தாங்கும். வாரா வாரம் தண்ணீர் மாற்றும்போது அதுவும் வெளியே போய்விடும்.

இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு வேலை பார்ப்பது குறைவு. எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்வதுதான் அவற்றின் வழக்கம். ஃபில்டர் ஸ்பாஞ்ச், கல், கண்ணாடிச் சுவர், எல்லாவற்றுக்கும் மேல் மணல். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போமா? 2 அடிக்கு 1 அடி தொட்டியில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு மணல் பரப்ப, சுமார் 11 கிலோ தேவைப்படும். ஒவ்வொரு மணலும் 0.7 மில்லிமீட்டர் உருண்டை என்று வைத்துக்கொண்டால், அத்தனை மணலின் மேற்பரப்பையும் சேர்த்தால் 350 சதுர அடிக்கு மேல் வரும். சென்னையில் ஒரு சின்ன ஒற்றை பெட்ரூம் ஃபிளாட்! ஆக்சிஜன் போய்ச்சேரும் மேல் அடுக்கில்தான் இந்த பாக்டீரியாக்கள் அதிகம் இருக்கும் என்பதால், முழு ஃபிளாட்டும் வாடகைக்குப் போகாது. ஆனாலும், உள்ளங்கை அளவு ஸ்பாஞ்ச் போட்ட குட்டி ஃபில்டரை நம்பி ஓடும் நம்மூர்த் தொட்டிகளில், மணலின் பங்கு ரொம்பப் பெரிது.

அந்த மணலைத் தேய்த்து, வெயிலில் காயவைத்தால்? மொத்தக் குடித்தனமும் காலி. மறுநாள் தொட்டி பளிச்சென்றுதான் இருக்கும். மூன்றாம் நாள் அம்மோனியா ஏறும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவக்கும், துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் நிற்கும். அப்புறம்தான் `கண் பட்டுருச்சு’ கதை எல்லாம்.

மைதாவும் வேண்டாம், கல் உப்பும் வேண்டாம்

மணல் வாங்கப் போகும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். முதலில் அளவைப் பாருங்கள். சமையலறையை மனதில் வைத்துக்கொண்டால் சுலபம். மைதா மாதிரி நைஸாக இருந்தால் வேண்டாம். அது தொட்டியில் இறுகிப்போகும், ஃபில்டருக்குள்ளும் புகும். ரவையில் இருந்து சர்க்கரை வரைக்குமான அளவு சரி. அரை மில்லிமீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் என்று கணக்கு. கல் உப்பு அளவுக்குப் போனால் அது சரளை. சரளைக் கற்களின் இடுக்கில் மீன் சாப்பிடாமல் விட்ட தீனி விழுந்து அங்கேயே அழுகும். மணலில் அந்தப் பிரச்னை குறைவு. குப்பை மேலேயே தங்கும், உறிஞ்சி எடுப்பது சுலபம்.

அடுத்து, முனை. இரண்டு விரலுக்கு நடுவில் கொஞ்சம் மணலை வைத்து உருட்டுங்கள். குத்தினால் வேண்டாம். கோரிடோரஸ் மாதிரி அடியில் மேயும் மீன்களுக்கு வாயோரம் மீசை உண்டு. அதை வைத்துத்தான் மணலைத் துழாவிச் சாப்பாடு தேடும். கூர்மையான மணல், அழுக்கு மணல் இரண்டும் சேர்ந்தால் அந்த மீசை புண்ணாகித் தேய்ந்துபோகும். கோல்டு ஃபிஷ் இன்னும் ஒரு படி மேலே. மணலை வாய் நிறைய அள்ளி, தீனியைப் பிரித்துக்கொண்டு, மீதியைத் துப்பும். நாள் முழுக்க இதே வேலைதான். அதன் தொட்டியில் பட்டாணி அளவு கல்லைப் போட்டால், ஒரு நாள் அது வாயில் சிக்கிக்கொள்ளும். பொடிமணல், இல்லையென்றால் வாயில் நுழையவே முடியாத பெரிய கூழாங்கல். கோல்டு ஃபிஷ்ஷுக்கு நடுவில் எதுவும் வேண்டாம்.

பிங்க், நீலம், ஃப்ளோரசன்ட் பச்சைக் கற்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மட்டமான சாயம் தண்ணீரில் இறங்கும். வாங்கியே ஆகவேண்டும் என்றால், ஒரு கைப்பிடியை வெள்ளை டம்ளரில் வெந்நீர் ஊற்றி ஒரு இரவு வைத்துப்பாருங்கள். தண்ணீர் நிறம் மாறினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

எந்த மணல், எங்கே வாங்குறது?

சென்னைக்காரர்களுக்கு கொளத்தூர் இருக்கிறது. தெருவுக்குத் தெரு வண்ண மீன் கடைகள். அங்கே `சிலிக்கா மணல்’ என்று கேட்டு வாங்கலாம். குவார்ட்ஸ் மணல் என்றாலும் ஏறக்குறைய இதுதான். தண்ணீரோடு எந்த வம்புக்கும் போகாது. மற்ற ஊர்க்காரர்கள், நீச்சல் குளத்துக்கும் போர்வெல் ஃபில்டருக்கும் மணல் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். சல்லடை அளவு போட்டு மூட்டையாக விற்பார்கள். 16/30 என்று போட்டிருந்தால், ஏறத்தாழ 0.6-லிருந்து 1.2 மில்லிமீட்டர். நமக்கு அதுவே போதும். மீன் கடை பாக்கெட்டை விட இது கட்டுப்படியாகவும் இருக்கும்.

``வீட்டு வாசல்லயே மணல் கொட்டிக் கிடக்கே பாஸ், அதை அள்ளிக்கலாமா?” என்று சிலர் கேட்பார்கள். கட்டட வேலைக்குக் கொட்டிய மணலில் சிமென்ட் தூள் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சிமென்ட் தண்ணீரின் காரத்தன்மையை எகிறவைக்கும். தவிர, தெருவில் இருக்கும் அத்தனை பூனைகளுக்கும் அந்தக் குவியல்தான் கழிவறை. இப்போது பெரும்பாலான இடங்களில் கொட்டுவது எம்-சாண்ட். கருங்கல்லை இயந்திரத்தில் உடைத்து எடுப்பது அது. ஆற்று மணல் மாதிரி தண்ணீரில் உருண்டு உருண்டு மழுங்கியது இல்லை. ஒவ்வொரு துகளுக்கும் மூலை உண்டு, பொடி வேறு நிறைய இருக்கும். கான்கிரீட்டுக்கு அந்த மூலைகள் பிடிப்பு கொடுக்கும். மீன் மீசைக்கு அவை எதிரி. அடியில் மேயாத கப்பி, மோலி மட்டும் வளர்க்கிறீர்கள் என்றால், பொறுமையாகக் கழுவிப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஆற்று மணல் உருண்டையானது, மீனுக்கு ஏற்றது. ஆனால், ஆற்றில் இறங்கி நாமே அள்ளுவது வேண்டாம். மணல் போன ஆறுகளின் கதை நமக்குத் தெரியாததா? வீட்டுக் கட்டட வேலையில் மிஞ்சி, சிமென்ட் படாமல் மூட்டையில் இருப்பது என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை மணல்? உப்பைக் கழுவிவிடலாம். சிப்பித் துகள்களைக் கழுவ முடியாது. அவை கால்சியம் கார்பனேட். மெள்ள மெள்ளக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கிக்கொண்டே இருக்கும். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் மணல் அள்ளத் தடையும் இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கம் டூர் போனால் பவளத் துண்டுகளைப் பொறுக்கி வரும் ஆசை வரும். வேண்டவே வேண்டாம். பவளங்கள் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை.

கன்னியாகுமரிப் பக்கத்து நண்பர்கள், ``எங்க ஊர்க் கறுப்பு மணல் சூப்பரா இருக்குமே” என்பார்கள். பார்க்க அழகுதான். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடு தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கும். அந்த அழகு கடற்கரையிலேயே இருக்கட்டும். கடையில் விற்கும் கறுப்பு மணலை வாங்குவதாக இருந்தாலும், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். மணல் காந்தத்தில் ஒட்டினால் வாங்காதீர்கள். ஃபில்டர் மோட்டாருக்குள் சுற்றுகிற இம்பெல்லரும் காந்தம்தான். அதில் போய் ஒட்டிக்கொண்டு மோட்டாரையே தேய்த்துவிடும்.

ஒரு சொட்டு வினிகர்

வாங்கிய மணலில் சிப்பி, சுண்ணாம்பு கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். நூடுல்ஸுக்கு ஊற்றும் வெள்ளை வினிகர் போதும். ஒரு ஸ்பூன் மணலை முதலில் தண்ணீரில் அலசி ஈரமாக்குங்கள். இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுவார்கள். காய்ந்த மணல்மேல் எதை ஊற்றினாலும், இடுக்கில் இருக்கும் காற்று குமிழியாக வரும். அதைப் பார்த்து `ஐயோ, சுண்ணாம்பு’ என்று நல்ல மணலைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஈர மணல்மேல் வினிகரை ஊற்றி, காதருகே கொண்டுபோங்கள். சோடா மூடி திறந்தாற்போல் மெல்லிய `ஸ்ஸ்’ சத்தம், விடாமல் குமிழி... இருந்தால் சுண்ணாம்பு இருக்கிறது. ஒன்றுமே நடக்கவில்லை என்றால் மணல் பாஸ். சோதித்த அந்த ஒரு ஸ்பூனைத் தொட்டியில் போடாதீர்கள்.

சந்தேகம் தீரவில்லையா? வீட்டில் ஆர்.ஓ தண்ணீரைச் சோதிக்கும் டி.டி.எஸ் மீட்டர் இருந்தால் எடுங்கள். கழுவிய மணலை ஒரு பாட்டிலில் போட்டு, ஆர்.ஓ தண்ணீர் ஊற்றி, ஒரு வாரம் விடுங்கள். முதல் நாள் எண்ணுக்கும் ஏழாம் நாள் எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், மணல் எதையோ கரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சுண்ணாம்பு மணல் எல்லாருக்கும் எதிரி இல்லை. ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா ஏரிகளைச் சேர்ந்த சிக்லிட் மீன்களுக்குக் கடினமான, காரத்தன்மை கூடிய தண்ணீர்தான் பிடிக்கும். அவற்றை வளர்க்கிறவர்கள் தேடிப்போய் பவள மணல் வாங்குவார்கள். டெட்ரா, டிஸ்கஸ் மாதிரி மென்தண்ணீர் மீன்களுக்கு அது ஆகாது. ஏற்கெனவே போர் தண்ணீரில் வாளியெல்லாம் வெள்ளை படிகிற ஏரியாவில் இருக்கிறீர்களா? இன்னும் சுண்ணாம்பைச் சேர்க்க வேண்டாம். காரத்தன்மை ஏற ஏற, அதே அளவு அம்மோனியா இன்னும் கொடிய விஷமாக மாறும்.

அரிசி களையத் தெரியுமா?

தெரிந்தால் மணல் கழுவவும் தெரியும். பாட்டிமார்கள் அரிசியில் கல் அரிப்பார்களே, அதே வித்தைதான். கனமானது அடியில் தங்கும், லேசானது தண்ணீரோடு போகும். அங்கே அரிசி போகும், கல் தங்கும். இங்கே அழுக்கு போகும், மணல் தங்கும்.

கழுவும் முன் ஒரு பழைய மாவு சல்லடையில் சலித்துவிட்டால் பாதி வேலை மிச்சம். கீழே விழும் மாவுப்பொடியை ஒதுக்கிவிடுங்கள், மேலே தங்குவது நமக்கு. இதை மொட்டைமாடியில் மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். சிலிக்கா தூசு நுரையீரலுக்கு நல்லதில்லை.

அப்புறம் பக்கெட். மொத்த 11 கிலோவையும் ஒரே பக்கெட்டில் கொட்டிக் கழுவப் பார்த்தால் விடிய விடியக் கழுவ வேண்டியதுதான். இரண்டு, மூன்று கிலோவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கெட்டில் கால்வாசிக்குக் குறைவாக மணல், முக்கால்வாசிக்குத் தண்ணீர். டியூப் இருந்தால் அதன் முனையை மணலின் அடியில் செருகிவிடுங்கள். முழங்கை வரை கையைவிட்டு, அடி மணல் மேலே வரும்படி நன்றாகப் பிசைந்து கலக்குங்கள். கலக்கியதும் இரண்டு, மூன்று விநாடி பொறுங்கள். மணல் இறங்கிவிடும், கழனித் தண்ணி மாதிரி கலங்கல் மேலே நிற்கும். அதைச் சாய்த்து ஊற்றுங்கள். மறுபடியும். மறுபடியும். ஐந்தாவது தடவை `போதும்’ என்று தோன்றும். போதாது. பத்து, பதினைந்து தடவை ஆகும். ஃபில்டர் மணல் என்றால் சீக்கிரம் முடியும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒரு டெஸ்ட். கழுவிய மணலில் இரண்டு ஸ்பூன் எடுத்து, கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு கலக்கி, ஒரு நிமிடம் வையுங்கள். டம்ளருக்குப் பின்னால் உங்கள் போனை வைத்து, திரையில் இருக்கும் மெசேஜைப் படிக்க முடிந்தால் போதும். எழுத்து மங்கலாகத் தெரிந்தால், திரும்ப பக்கெட்டுக்குப் போங்கள்.

தண்ணீர் நிறையச் செலவாகும், மறுக்கவில்லை. முதல் ஏழெட்டு அலசலுக்கு ஆர்.ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்துவைத்துப் பயன்படுத்தலாம். கடைசி இரண்டுக்கு மட்டும் நல்ல தண்ணீர். கலங்கல் தண்ணீரை வாஷ்பேசினிலோ பாத்ரூம் துளையிலோ ஊற்றாதீர்கள். மணல் குழாய் வளைவில் தங்கி அடைக்கும். பிளம்பருக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு தொட்டியே வாங்கிவிடலாம். செடிக்கு ஊற்றுங்கள், இல்லையென்றால் தெளியவைத்து மேல் தண்ணீரை மட்டும் கொட்டுங்கள். அபார்ட்மென்ட்டில் மொட்டைமாடி கிடையாது என்பவர்களுக்கு இன்னொரு வழி. பழைய தலையணை உறையில் மணலைப் போட்டு, குழாயடியில் பிடித்துப் பிசையுங்கள். பொடி துணி வழியாக வெளியேறும்.

சோப்பு, பாத்திரம் கழுவும் லிக்விட், ஃபினாயில்... எதுவுமே கிட்டே வரக்கூடாது. பக்கெட்கூட இதற்கென்று தனியாக இருந்தால் நல்லது. சோப்பின் மிச்சம் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தாலும் மீனின் செவுளைப் பாதிக்கும்.

ஆற்று மணலாக இருந்தால் மட்டும், கழுவி முடித்ததும் கொதிக்கும் தண்ணீரை மூழ்கும் அளவுக்கு ஊற்றி, ஆறும்வரை விட்டு வடித்துவிடுங்கள். நத்தை முட்டை, புழு பூச்சிக்கெல்லாம் அது போதும். அடுப்பில் வைத்து மணலைக் கொதிக்கவிட வேண்டாம். அடியில் ஆவி சேர்ந்து குப்பென்று தெறிக்கும்.

தொட்டியில் இறக்கும் நாள்

பெரிய கல், மரத்துண்டு வைப்பதாக இருந்தால் அவற்றை முதலில் வையுங்கள், மணல் பிறகு. மணல்மேல் கல்லை வைத்தால், தோண்டும் மீன்கள் அடியில் பள்ளம் பறிக்கும். கல் சாய்ந்து கண்ணாடியில் விழுந்தால்... வேண்டாம், நினைத்தே பார்க்க வேண்டாம். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் ஷீட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். மணலை முன்பக்கம் ஒரு அங்குலம், பின்பக்கம் இரண்டு அங்குலம் எனச் சரிவாகப் பரப்பினால் தொட்டி ஆழமாகத் தெரியும். அதற்கு மேல் உயர்த்தாதீர்கள்.

அடுத்து, மணல்மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, அந்தத் தட்டின்மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் நீங்கள் போட்ட சரிவு, பள்ளத்தாக்கு எல்லாம் சுனாமி வந்த மாதிரி ஆகிவிடும். மெட்ரோ வாட்டர் என்றால் ஆன்டி-குளோரின் சொட்டுகளை மறக்க வேண்டாம். ஃபில்டரை உடனே போடாதீர்கள். தூசு இறங்க நாலைந்து மணி நேரம் கொடுத்து, ஃபில்டரின் வாய் மணலுக்கு இரண்டு, மூன்று அங்குலமாவது மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

தண்ணி பால் மாதிரி ஆயிருச்சே!

இந்த இடத்தில்தான் ஆர்வக்கோளாறு வேலையைக் காட்டும். தொட்டி வைத்து மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ தண்ணீர் திடீரென்று வெள்ளையாகக் கலங்கும். `மணலைச் சரியாகக் கழுவவில்லையோ’ என்று சந்தேகம் வரும். எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி கழுவி வைப்பார்கள். நாலு நாளில் திரும்பவும் வெள்ளை!

மணல் தூசாக இருந்தால் முதல் நாளே கலங்கும். நிறம் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும். ஃபில்டரை நிறுத்தினால் படியும். ஒன்றிரண்டு நாளில் தானாகத் தெளியும். ஃபில்டரில் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு வைத்தால் இன்னும் சீக்கிரம். தெளிந்த தண்ணீர் சில நாள் கழித்துப் பால் மாதிரி ஆவது வேறு விஷயம். அது பாக்டீரியா பெருக்கம். புதுத் தொட்டிகளில் சகஜம். ஃபில்டரை நிறுத்தினாலும் படியாது. கை வைக்காமல் விட்டால், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். அதற்குள் மீன் விட்டிருந்தால் தீனியைக் குறையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றுங்கள். மணலைத் தொடாதீர்கள்.

சொல்லப்போனால், அந்த நேரத்தில் தொட்டியில் மீனே இருக்கக்கூடாது. மணலில் பாக்டீரியா குடியேற மூன்றிலிருந்து ஆறு வாரம் ஆகும். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, அம்மோனியா டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால்தான் மீனுக்கு அழைப்பு. அத்தனை நாள் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லையா? குறுக்கு வழி ஒன்று உண்டு, நியாயமான குறுக்கு வழிதான். நோய் இல்லாமல் பல மாதம் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், இரண்டு கைப்பிடி பழைய மணல் கேளுங்கள். அவர் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து, காயவிடாமல் கொண்டுவந்து, உங்கள் புது மணல்மேல் தூவுங்கள். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. அப்போதும் டெஸ்ட் கிட் சரி என்று சொன்ன பிறகே மீன்.

வாரா வாரம் பத்து நிமிஷம்

மணலைக் கழுவாமல் எப்படிச் சுத்தமாக வைப்பது? ஒரு மீட்டர் பிளாஸ்டிக் டியூப் போதும். வாரம் ஒரு முறை, கால்வாசித் தண்ணீர் மாற்றும்போது, டியூப் முனையை மணலுக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்றுங்கள். லேசான கழிவு எழும்பி டியூபுக்குள் போகும். கனமான மணல் அப்படியே இருக்கும். மணல் ஏற ஆரம்பித்தால் மறுமுனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் வேகம் குறையும். இந்த வாரம் இடப்பக்கம், அடுத்த வாரம் வலப்பக்கம். பக்கெட்டில் சேரும் பழுப்புத் தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றிப் பாருங்கள், நன்றாகக் கேட்கும். டியூபை வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள். முழுக்கத் தண்ணீரில் முக்கி நிரப்பி, ஒரு முனையை மூடிக்கொண்டு வெளியே எடுத்தால் தானாக ஓடும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவும் வாரத்தில் மணலை விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே வாரம் செய்யக்கூடாது.

கண்ணாடி ஓரமாக மணலுக்குள் கறுப்புத் திட்டு தெரிகிறதா? குத்தினால் அழுகிய முட்டை வாடையோடு குமிழி வருகிறதா? மணல் இறுகி, அடியில் ஆக்சிஜன் போகாத இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகும். பதறி மொத்தமாகக் கிளறினால் அந்த விஷ வாயு ஒரேயடியாகத் தண்ணீரில் கலக்கும். ஒரு சாப்ஸ்டிக்கால், நாளுக்கு ஒரு சின்ன இடம் என்று மெதுவாகக் கிண்டிவிடுங்கள். மலேசியன் டிரம்பெட் நத்தைகளை விட்டால் அவை மணலுக்குள் புகுந்து புகுந்து இந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்க்கும். தீனி அதிகம் போட்டால் நூற்றுக்கணக்கில் பெருகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடையில், ``ஒரு சக்கர் மீன் விடுங்க, எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடும்” என்பார்கள். சக்கர் பாசியைச் சுரண்டும்; மற்ற மீனின் கழிவைத் தின்னாது. கூடவே தன் கழிவை வண்டி வண்டியாகப் போடும். ஒரு அடியைத் தாண்டி வளரும். வளர்ந்த பிறகு இடம் போதாமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தென் அமெரிக்காவில் இருந்து வந்த இந்த மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போகிக்கு வீட்டைக் கழுவும்போது தொட்டியையும் கழுவச் சொல்லி அம்மா வற்புறுத்துவார். கண்ணாடியை மட்டும் துடைத்துக் காட்டுங்கள். நிஜமாகவே மணலை மாற்ற வேண்டிய நிலை என்றால், மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள், இரண்டு வாரம் விட்டு அடுத்த பங்கு. ஒவ்வொரு முறையும் சில நாளைக்குத் தீனியைக் குறைத்து, அம்மோனியாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடு மாற்றுகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. மணலை மொத்தமாக எடுத்தே ஆகவேண்டும். அடியில் பல மாதமாகப் புதைந்த கழிவு அப்போது கிளம்பும் என்பதால், தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு, மூன்று முறை மென்மையாக அலசிவிடுங்கள். பக்கெட்டில் மணல் மூழ்கும் அளவுக்கு அதே தண்ணீர் இருக்கட்டும். மூடியை இறுக்கி மூடாதீர்கள், பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். லாரியில் வெயில் படும் பக்கம் வைக்காதீர்கள். புது வீட்டில் பால் காய்ச்சி முடித்ததும், கட்டில், பீரோவுக்கு முன்னால் அந்த பக்கெட்டைப் பிரியுங்கள்.